பழைய கேம்பர் வேன் வாங்கப் போறீங்களா? ஆர்.சி. புக்கை மூடிட்டு, முதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனதும் பலருக்கு ஒரு ஆசை வருது. நாலு பேர் காசு போட்டு, உள்ளே கட்டில், குட்டி கிச்சன் எல்லாம் இருக்கிற ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கி, லீவு கிடைச்சா மலைப்பக்கம் கிளம்பிடலாம்னு. எனக்கும் அந்த ஆசை வந்துச்சு. 2019-ல நானும் ரெண்டு நண்பர்களும் ஆளுக்கு 3 லட்சம் போட்டு 9 லட்சத்துக்கு ஒரு வேன் வாங்கினோம். இந்தக் கட்டுரை அந்த வேனைப் பத்தினதுதான்.

அது டூரிஸ்ட் வேனா ஓடி, அப்புறம் கேம்பரா மாத்தின வண்டி. மீட்டர்ல 68,000 கிலோமீட்டர். புது பெயின்ட், புது சீட் கவர், உள்ளே பளபளன்னு மர வேலை. மூணு பேர்ல நான்தான் சி.ஏ. அதனால செக் பண்ற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் நிலுவை, அபராத பாக்கி எல்லாத்தையும் பார்த்தேன். "எல்லாம் கிளீன், தைரியமா வாங்கலாம்"னு சொன்னேன்.

முதல் பயணம் வால்பாறை. ஆழியார்ல இருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவு தாண்டுறதுக்குள்ள டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போயிடுச்சு. முன்னாடி இருந்து ஆவி. அன்னைக்கு ராத்திரி வேன்லயேதான் தூங்கினோம், ஆனா பொள்ளாச்சியில ஒரு ஒர்க்‌ஷாப் வாசல்ல.

அந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின் மூடியைக் கழற்றினப்போ உள்பக்கம் ஒரு பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. அதுல எழுதியிருந்த கிலோமீட்டர்: 2,14,000. தேதி, நாங்க வாங்கினதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

கணக்கு இதுதான்

இன்ஜின் ஹெட் வேலை, இன்ஜெக்டர்: ₹1,38,000
கிளட்ச் செட்: ₹24,000
பின்பக்க ஸ்பிரிங் பட்டை, புஷ்: ₹31,000
ஆறு டயர்: ₹54,000
மொத்த ரிப்பேர்: ₹2,47,000

14 மாசம் வச்சிருந்து 6,10,000-க்கு வித்தோம். வாங்கின விலையும் ரிப்பேரும் சேர்த்தா 11,47,000. நஷ்டம் 5,37,000. ஆளுக்கு 1,79,000 ரூபாய். இதுல டீசல், இன்சூரன்ஸ் எதுவும் சேர்க்கலை.

எனக்கு அது சேமிப்புல இருந்து போன பணம். வலிச்சுது, ஆனா தாங்கிக்கிட்டேன். எங்கள்ல ஒருத்தன் அவன் பங்கை பர்சனல் லோன்ல போட்டிருந்தான். 14% வட்டி, மூணு வருஷம், மாசம் சுமார் 10,250 இ.எம்.ஐ. வண்டி வித்து அவன் பங்கா வந்த 2.03 லட்சம், பாக்கிக் கடனை முடிக்கவே சரியாப் போச்சு. அதுவரைக்கும் கட்டின 1.43 லட்சம், ரிப்பேர் பங்கு 82,000 எல்லாம் போனது போனதுதான். அந்த வருஷம் அவன் தங்கச்சி கல்யாணம். வீட்ல இருந்த நகையை அடகு வச்சான். "தைரியமா வாங்கலாம்"னு சொன்னது நான்.

ஆடிட்ல நாங்க முதல்ல படிக்கிற பாடம் ஒண்ணு இருக்கு: ஸ்டாக் இவ்வளவுன்னு லெட்ஜர் சொன்னா மட்டும் போதாது, குடோனுக்குப் போய் எண்ணிப் பார்க்கணும். நான் லெட்ஜரை மட்டும் பார்த்தேன். குடோனுக்குப் போகலை. பேப்பர் சுத்தமா இருக்கிறதும் வண்டி நல்லா இருக்கிறதும் ரெண்டு வேற வேற விஷயம்.

அந்த மெக்கானிக் அண்ணன் அன்னைக்கும், அப்புறம் பல தடவையும் சொல்லிக் கொடுத்ததைத்தான் கீழே எழுதியிருக்கேன். பழைய கார் வாங்குறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

1. குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும்

நாங்க போனப்போ வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி ஓடிக்கிட்டு இருந்துச்சு. "உங்களுக்காக ஏ.சி. போட்டு வச்சேன் சார்"னார் விற்றவர். சூடான இன்ஜின் பல குறையை மறைச்சிடும். காலையில சொல்லாம கொஞ்சம் சீக்கிரமாவே போங்க. இன்ஜின் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க.

ஸ்டார்ட் பண்ணதும் புகையைப் பாருங்க. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுது. தொடர்ந்து கரும்புகைன்னா இன்ஜெக்டர்லயோ ஏர் ஃபில்டர்லயோ கோளாறு. வெள்ளைப் புகை காலைக் குளிர்ல கொஞ்ச நேரம் வரலாம், சூடான பிறகும் நிக்கலைன்னா கூலன்ட் உள்ளே கசியுதான்னு சந்தேகப்படணும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க. அங்கிருந்து புகை 'குபுகுபு'ன்னு அழுத்தமா வந்தா அதைத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன்னு சொல்றாங்க. ரிங், பிஸ்டன் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், பெரிய செலவு. மூடியின் உள்பக்கம் காபி நுரை மாதிரி ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலக்குது. ரேடியேட்டர்ல கலர் கூலன்ட் இல்லாம துரு பிடிச்ச தண்ணி இருந்தா பராமரிப்பே இல்லாத வண்டி. ஆனா ரேடியேட்டர் மூடியை இன்ஜின் சூடா இருக்கும்போது திறக்கவே கூடாது. முகம் வெந்துடும்.

2. மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது

கிலோமீட்டரைக் குறைக்கலாம். தேய்மானத்தைக் குறைக்க முடியாது. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேய்ஞ்சிருக்கா? ஸ்டியரிங்ல கை பிடிக்கிற இடம் மினுங்குதா? டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கா? டிரைவர் கதவைத் தூக்கிப் பார்த்தா கீல் ஆடுதா? 68,000 ஓடின வண்டியில இதெல்லாம் இருக்காது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசா இருந்தாலும் ஏன்னு கேளுங்க.

பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கரைத் தேடுங்க. கதவு ஓரம், இன்ஜின் மூடியின் உள்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டி மேல ஒட்டியிருக்கும். வண்டி நம்பரை வச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி வாங்கித் தரச் சொல்லி உரிமையாளர்கிட்ட கேளுங்க. தயங்கினா அதுவே ஒரு பதில். மஞ்சள் போர்டா ஓடின வண்டின்னா இன்னும் கவனம் வேணும். ஒரு டூரிஸ்ட் வேன் நாளைக்கு 150 கிலோமீட்டர் வீதம் வருஷத்துக்கு 250 நாள் ஓடினாலே 37,500 ஆகுது. நாலு வருஷத்துல ஒன்றரை லட்சம். இந்தக் கணக்கை நான் வாங்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும்.

3. கேம்பருக்கு மட்டும் ஒரு தனி டெஸ்ட்: எடை மேடை

இதை யாரும் பண்றதில்லை. சாதாரண வேன்ல ஆளுங்க இறங்கினா எடை இறங்கிடும். கேம்பர்ல கட்டில், பிளைவுட் அலமாரி, ஃபிரிட்ஜ், பேட்டரி, தண்ணி டேங்க் எல்லாம் 24 மணி நேரமும் வண்டி மேலயே உட்கார்ந்திருக்கு. 100 லிட்டர் தண்ணின்னா அதுவே 100 கிலோ. நின்னுகிட்டிருந்தாலும் பின்பக்க ஸ்பிரிங் சுமந்துகிட்டேதான் இருக்கும்.

லாரி எடை போடுற வே பிரிட்ஜுக்கு வண்டியை ஓட்டிட்டுப் போங்க. சில நூறு ரூபாய்க்குள்ள ரசீதோட எடை தெரிஞ்சிடும். ஆர்.சி.யில போட்டிருக்கிற மொத்த எடை வரம்போட ஒப்பிடுங்க. ஆளும் சாமானும் ஏறுறதுக்கு முன்னாடியே வரம்பை நெருங்கிட்டா அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். பிரேக், வீல் பேரிங், கிளட்ச், டயர் எல்லாமே சீக்கிரம் போகும். மலையில இறங்கும்போது இது காசு விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

அப்புறம் சமதளத்துல நிறுத்தி, பின் டயருக்கும் மேல இருக்கிற வளைவுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து பாருங்க. ஒரு பக்கம் கம்மியா இருந்தா ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு, இல்லேன்னா எடையை ஒரே பக்கமா ஏத்தி வச்சிருக்காங்க. போன் டார்ச்சைப் போட்டுக் குனிஞ்சு, ஸ்பிரிங் பட்டையில விரிசல், சேஸிஸ்ல துரு, புதுசா அடிச்ச கறுப்பு பெயின்ட் இருக்கான்னு பாருங்க. மத்த இடம் அழுக்கா இருந்து ஒரு இடம் மட்டும் புது பெயின்ட்னா, அங்கே வெல்டிங் ஒளிஞ்சிருக்கலாம்.

4. ஓடாம நின்ன வண்டியும் தேயும்

கேம்பர் வருஷத்துல பாதி நாள் நின்னுகிட்டுதான் இருக்கும். "அதிகம் ஓடலை சார்"ங்கிறது நல்ல செய்தின்னு நினைக்காதீங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2318-ன்னா 2018-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. பட்டன் நல்லா இருந்தாலும், ஆறு வருஷம் தாண்டின, பக்கவாட்டுல வெடிப்பு விட்ட டயரை விலைப் பேச்சுல பூஜ்யம்னு எடுத்துக்கோங்க. ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்க, காய்ஞ்சு விரிசல் விட்டிருக்கும். எலி கடிச்ச ஒயர், பிடிச்சுக்கிற பிரேக், செத்துப்போன பேட்டரி எல்லாம் நின்ன வண்டியோட வியாதிகள்.

5. தெருவைச் சுத்துறது டெஸ்ட் டிரைவ் இல்லை

நாங்க ஓட்டினது ரெண்டு கிலோமீட்டர். குறைஞ்சது 20 கிலோமீட்டர், அதுல ஒரு மேம்பாலமாவது ஏத்தம் இருக்கணும். ரேடியோ, ஏ.சி. ஆஃப். முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் மாத்தி மாத்திப் போட்டு எடுக்கும்போது அடியில 'டக்'னு அடிச்சா புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ஞ்சிருக்கலாம். ஏத்தத்துல ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம் மட்டும் கூடி வேகம் கூடலைன்னா கிளட்ச் வழுக்குது. காலி ரோட்ல பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா பாருங்க. திரும்பி வந்ததும் இன்ஜின் அடியில ஒரு அட்டையை விரிச்சு 15 நிமிஷம் விட்டுட்டு, எண்ணெய்ச் சொட்டு இருக்கான்னு பாருங்க.

6. இப்போ நம்ம வேலை: உண்மையான விலை

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவரோட ஒரு நாள் சம்பளத்தையும் போக்குவரத்தையும் நீங்களே கொடுங்க. வண்டி வேண்டாம்னு முடிவானாலும் அது வீண் செலவு இல்லை. அவர் சொல்ற ஒவ்வொரு குறைக்கும் ஒரு தொகை எழுதி வாங்குங்க.

கேட்கிற விலை + உடனடி ரிப்பேர் + பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் செலவு. இதுதான் உண்மையான விலை. அதுக்கு மேல, வாங்குற விலையில குறைஞ்சது 15% ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வைக்க முடியலைன்னா, அந்த வண்டி உங்க பட்ஜெட்ல இல்லைன்னுதான் அர்த்தம். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. பர்சனல் லோன் போட்டு மட்டும் வாங்காதீங்க. வருஷத்துக்கு எத்தனை நாள் உண்மையிலேயே போவீங்கன்னு எழுதிப் பாருங்க. எங்களுக்கு 14 மாசத்துல கிடைச்சது 19 நாள். வாடகைக்கு எடுத்திருந்தா எவ்வளவோ மிச்சம்.

பேப்பரும் முக்கியம்தான்

வண்டியை மாத்தி அமைச்சதை ஆர்.சி.யில பதிவு பண்ணியிருக்காங்களான்னு கட்டாயம் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. மாறியிருந்தா, விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல சிக்கல் வரும். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. கடன் இருந்து முடிஞ்ச வண்டின்னா ஃபாரம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் வேணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பெயருக்கு மாத்துங்க. பழைய உரிமையாளரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருக்குச் சொந்தம்.

போன மாசம் அதே நண்பன் போன் பண்ணான். ஒரு பழைய கார் பார்த்திருக்கானாம். "டேய், ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துடு. நீ பேப்பரைப் பாரு. மெக்கானிக்கை நான் கூட்டிட்டு வர்றேன்"னான்.

இந்த செக்லிஸ்ட்டை ஒரு உண்மையான வண்டியில அந்த அண்ணனை வச்சே செஞ்சு காட்டி, நம்ம சேனல்ல அடுத்த வீடியோவா போடுறேன். அதுவரைக்கும், யாராவது "சூப்பர் கண்டிஷன், நாளைக்குள்ள அட்வான்ஸ் போடுங்க"ன்னு அவசரப்படுத்தினா, ஒரு நாள் தள்ளிப் போடுங்க.