கடல்நீரிலிருந்து நன்னீர்: பல கட்டக் காய்ச்சி வடித்தல்

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரைப் பகுதியைக் கடந்து, பூவாரில் அரபிக் கடலுடன் கலக்கிறது. இத்தகைய கழிமுகங்களில் கண்ணெதிரே நீர் பரந்து கிடந்தாலும், உப்புக் கலந்த அந்நீர் குடிப்பதற்கு உதவாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. குடிநீரிலோ கரைபொருள்கள் அரை கிராமுக்கு மிகாதிருத்தல் நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

கடல்நீரைக் காய்ச்சினால் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும். எளிய முறைதான், ஆயினும் செலவு மிகுதி. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 70 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி தேவை. ஆவி குளிரும்பொழுது வெளியிடும் இவ்வெப்பத்தை வீணாக்காமல் மீட்பதே பல கட்ட முறையின் உயிர்நாடி.

அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஊசியற்ற சிரிஞ்சில் 60 டிகிரி அளவு சூடுள்ள நீரைச் சிறிது எடுத்து, காற்றை வெளியேற்றி, முனையை அடைத்துத் தண்டை வலுவாக இழுத்தால் நீர் கொதிப்பதைக் காணலாம்.

பல கட்ட நிலையத்தில் வரிசையாக அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் அழுத்தம் முந்தைய அறையினும் குறைவு. சூடேறிய கடல்நீர் ஒவ்வோர் அறையிலும் நுழைந்தவுடன் அதில் ஒரு பகுதி சட்டென ஆவியாகிறது. அவ்வாவி, அறையின் மேற்பகுதியிலுள்ள குழாய்களில் பட்டு நன்னீராகிறது. அக்குழாய்களினுள் செல்வது புதிதாக வரும் கடல்நீரே. ஆவி விடும் வெப்பத்தை அது ஏற்றுக்கொள்கிறது. எனவே இறுதியில் வெளியிலிருந்து சிறிதளவு வெப்பமே தரவேண்டும்.

1950களில் இம்முறை உருப்பெற்று, குவைத் முதலிய நாடுகளில் பரவியது. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் கல்பாக்கத்தில் ஒரு செயல்விளக்க நிலையத்தை நிறுவியது. அங்குள்ள சென்னை அணு மின் நிலையத்தின் நீராவியைக் கொண்டு நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் நன்னீர் வடிக்குமாறு அது அமைக்கப்பட்டது. ஒரு டன் நீராவிக்கு ஏறக்குறைய ஒன்பது டன் நன்னீர் என்பது அதன் திட்டம். கதிரியக்கம் நன்னீரை அணுகாதிருக்க, இடையில் தனியான வெப்பப் பரிமாற்றச் சுற்று உண்டு. சவ்வு வழியே உப்பை நீக்கும் 18 லட்சம் லிட்டர் பிரிவும் உடன் உள்ளது. வடித்த நீரில் தாது உப்புகள் மிகக் குறைவாதலால், இரு நீரையும் கலத்தல் பயனுடையது.

இடர்களும் உண்டு. குழாய்களில் உப்புப்படிவு ஏறினால் வெப்பம் செல்வது தடைப்படும், உலோகம் அரிக்கப்படும். எஞ்சும் கடும் உப்புநீரைக் கடலில் பரவலாகக் கலந்து விடவேண்டும். சவ்வு முறைக்கு ஆற்றல் குறைவாகவே தேவைப்படுவதால், 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய பெரிய நிலையங்கள் அம்முறையையே பின்பற்றின.

மலிவான நீராவி கிட்டும் இடத்திற்கே பல கட்ட வடிப்பு ஏற்றது. பூவார் போன்ற கரையோர ஊர்களில் முதற்கடமை வேறு. கிணறுகளில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகும். ஒரு முறை உவர்த்த கிணறு எளிதில் தெளியாது. கோடையில் கிணற்று நீரின் உப்பளவைப் பணியாளர்கள் தவறாது குறித்து வருவார்களாயின், அவ்வபாயத்தை முன்னரே அறியலாம். இருக்கும் நன்னீரைக் காப்பது, கடல்நீரைக் காய்ச்சி வடிப்பதினும் மிகச் செலவு குறைந்த வழியாகும்.