உயரம் குறைந்தவருக்கு ஏற்ற முதல் ஸ்கிராம்ளர் எது?

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கப்சாய் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஸ்கிராம்ளர் மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் மோட்டார் கடையில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கால்களும் தரையைத் தொடாமல் தொங்கினால் அந்த ஆசை அங்கேயே அடங்கிவிடுகிறது. ஐந்தடி இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் உயரமுள்ள ஆண்களும் பெண்களும் பலர் இது தங்களுக்கு ஆகாது என்று திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் அவசரப்பட்டுச் சிறுவர்களுக்கான வண்டியை வாங்கி, சில மாதங்களிலேயே நட்டத்துக்கு விற்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாதவை.

ஸ்கிராம்ளரின் இருக்கை உயரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கல், வேர், மரக்கட்டை மீது ஏறும்போது இன்ஜினின் அடிப்பகுதி இடிக்கக்கூடாது. பள்ளத்தில் விழும்போது அப்சார்பர் நீளமாக அமுங்கி எழ இடம் வேண்டும். அதனால்தான் பந்தயத் திடலுக்கென்றே தயாராகும் 250 சிசி வண்டிகளின் இருக்கை 950 மில்லிமீட்டருக்கும் மேலே போகிறது. காட்டுப்பாதைக்கான வண்டிகள் அவ்வளவு உயரம் இல்லை. கவாசாக்கி கே.எல்.எக்ஸ். 150 பி.எஃப். 870 மில்லிமீட்டர், யாமஹா டபிள்யூ.ஆர். 155 ஆர் 880 மில்லிமீட்டர்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் இருப்பது யாரும் உட்காராத வண்டியின் உயரம். ஆள் உட்கார்ந்ததும் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும். எவ்வளவு அமுங்கும் என்பது ஸ்பிரிங்கையும் ஓட்டுபவரின் எடையையும் பொறுத்தது. அந்த 870 மில்லிமீட்டர் வண்டி ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கினால் இருக்கை 81, 82 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே தள்ளி வைத்து, தரையிலிருந்து அதுவரை அளந்தால் உங்கள் கால் நீளம் தெரியும். அது 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூட்ஸ் மூன்று சென்டிமீட்டர் தரும். மிச்சம் ஆறேழு சென்டிமீட்டர்தான். இருக்கையில் சற்று இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் இடது பாதத்தின் முன்பகுதி தரையில் பதிந்துவிடும்.

அது போதும். இரண்டு பாதங்களும் தட்டையாகத் தரையில் படவேண்டும் என்பது சாலை வண்டிக்கான பழக்கம். கரடுமுரடான பாதையில் உயரமானவருக்குக்கூட இரண்டு காலும் ஒரே நேரத்தில் எட்டுவது அரிது, தரை சமமாக இருந்தால்தானே. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஓட்டுபவர் பெரும்பாலும் எழுந்து நின்றுதான் ஓட்டுகிறார். அப்போது இருக்கை உயரத்துக்கு வேலையே இல்லை. இன்னும் சொன்னால், எழுந்து நிற்கும்போது உயரமானவர்தான் கைப்பிடிக்காகக் குனிய வேண்டியிருக்கிறது. குட்டையானவருக்கு அந்தச் சிரமம் குறைவு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர் பலமுறை விழுவது வேகத்தில் அல்ல, நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோகும், கால் ஊன்றப் போன இடத்தில் பள்ளம் இருக்கும், வண்டி சாயும். சாயத் தொடங்கிய வண்டியைத் தாங்கிப்பிடிப்பதற்கு உதவுவது கால் நீளத்தைவிட வண்டியின் எடைக்குறைவு. கே.எல்.எக்ஸ். 150 பி.எஃப். ஏறக்குறைய 118 கிலோ. ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல் 140 கிலோவைத் தாண்டுகிறது. தாளில் இது சிறிய வித்தியாசம். ஆனால் சறுக்கலான மண்ணில் ஐந்தாவது முறையாகத் தூக்கி நிறுத்தும்போது கையும் இடுப்பும் அந்த இருபத்துச் சொச்சம் கிலோவை நன்றாக உணரும். விழுந்த வண்டிக்கடியில் கணுக்கால் மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, எடையில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

சக்கர அளவும் உயரத்தோடு சேர்ந்தே வரும். பெரியவர்களுக்கான வண்டியில் முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். சற்றுச் சிறியவற்றில் 19, 16. யாமஹா டி.டி.ஆர். 125 எல்.இ. அப்படிப்பட்டது, இருக்கை 805 மில்லிமீட்டர்தான். பதிவு செய்து சாலையில் ஓட்டுவதற்காக வந்த வண்டி அல்ல என்பதால், வேலிக்குள் பழகுவதற்குத்தான் அது சரிப்படும். கே.எல்.எக்ஸ். 150 வரிசையிலேயே சிறிய சக்கரம் போட்ட பழைய ரகம் ஒன்றும் உண்டு. சிறிய சக்கரம் குட்டையானவருக்கு வசதி. ஆனால் செம்பனை வேரிலும் குழியிலும் பெரிய சக்கரம் ஏறிக் கடக்கும் இடத்தில் சிறியது இடித்து நிற்கும். டயர் கிடைப்பதிலும் 21, 18 அளவுக்கே தேர்வு அதிகம். ஹோண்டா சி.ஆர்.எஃப். 110 எஃப் போன்றவற்றில் 14, 12 அங்குலச் சக்கரங்கள். இருக்கை ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். திடலில் விளையாட அது நன்றாக இருக்கும், மழை பெய்து கரைந்த தோட்டப் பாதைக்கு அல்ல.

உயரம் குறைந்தவர்களுக்கு ஏற்ற காட்டுப்பாதை வண்டிக்கு முன்மாதிரி என்றால் 1985இல் ஜப்பானில் யாமஹா கொண்டுவந்த செரோதான். மலைச்சரிவில் ஏறும் ஆட்டையொத்த விலங்கின் பெயர் அது. தேவைப்பட்ட இடத்தில் இரண்டு கால்களாலும் தரையை உந்திக்கொண்டே முன்னேறலாம் என்ற எண்ணத்தில் அதை வடிவமைத்தார்கள். பிற்காலத்து 250 சிசி செரோவின் இருக்கை 830 மில்லிமீட்டர். 2020இல் அதன் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. வேகம் அதன் பெருமை அல்ல. எங்கேயும் போய்த் திரும்பி வரும் என்பதே அதன் பெயர்.

இன்ஜினைப் பொறுத்தவரை, காற்றில் குளிரும் 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் போதுமானது. பந்தய ரக 125 டூ ஸ்ட்ரோக் எடை குறைவு என்று ஆசை காட்டும். ஆனால் சக்தி ஒரேயடியாகப் பாய்வதால் புதியவர் கையில் அது அடங்காது. கிளட்ச் லீவர் இல்லாத கப்சாயிலிருந்து வருபவர் கை கிளட்சைப் புதிதாகப் பழகவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். செல்ஃப் ஸ்டார்ட் கட்டாயம் வேண்டும். சரிவில் ஒற்றைக் காலில் வண்டியைத் தாங்கிக்கொண்டு மற்றக் காலால் உதைத்துக் கிளப்புவது குட்டையானவருக்குப் பெரும் தொல்லை.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கப்சாயில் காலை நடுவே நுழைத்துப் பழகியவர் இங்கே இடது காலைக் கால்கம்பியில் ஊன்றி, குதிரையில் ஏறுவதுபோல் வலது காலை வீசவேண்டும். நிறுத்தும்போது மேடு இடப்பக்கம் இருக்கும்படி பார்த்து நிறுத்தவேண்டும். தோட்டத்துப் படிவரிசையில் இந்த ஒரு பழக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தை இலவசமாகத் தந்துவிடும்.

வாங்கிய மறுநாளே வண்டியைத் தாழ்த்திக் கொடுக்கச் சொல்லிப் பட்டறைக்குப் போவோர் உண்டு. இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. தேவைப்பட்டால் முதலில் இருக்கையின் பஞ்சைச் செதுக்கலாம். சீட் தைக்கும் கடையில் முன்பக்க ஓரங்களைக் குறுக்கி, இரண்டு சென்டிமீட்டர் இறக்கினாலே கால் எட்டுவதில் வித்தியாசம் தெரியும். பழைய இருக்கையை எறியாமல் வைத்திருந்தால் விற்கும்போது மாட்டிக் கொடுக்கலாம். பின் அப்சார்பர் இணைப்பை மாற்றித் தாழ்த்துவது அடுத்த கட்டம். பின்பக்கம் மட்டும் இறங்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்ப மறுக்கும். அதற்கேற்ப முன் ஃபோர்க்கையும் மேலே ஏற்றிப் பூட்டவேண்டும். சைட் ஸ்டாண்டையும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திய வண்டி வலப்பக்கம் கவிழும். அடிப்பகுதி கல்லில் இடிப்பதும் கூடும். எடை குறைந்தவர்கள் இதற்கெல்லாம் முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். ஐம்பது கிலோ உள்ளவருக்கு இறுக்கமான ஸ்பிரிங் அமுங்காது. வண்டி உயரமாகவே நிற்கும். பல நேரங்களில் அதைத் தளர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோர் இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் கிராண்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று தாமே பார்க்கவேண்டும். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, பின் சக்கரத்தை ஆட்டும்போது தளர்வு, சட்டத்தில் வெல்டிங் போட்ட தடம் ஆகியவை விலையைக் குறைக்கக் காரணம் அல்ல, திரும்பி வரக் காரணம். மொத்தப் பணத்தையும் வண்டியில் போட்டுவிடாமல் கணுக்காலை மூடும் பூட்ஸ், தலைக்கவசம், முழங்கால் கவசம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கவேண்டும்.

சாலையில் ஓட்ட பி2 உரிமம் 250 சிசி வரை செல்லும். பந்தயத்துக்கென வந்த, பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோவதுகூடக் குற்றம். அதை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். தோட்டப் பாதை நிர்வாகத்தின் சொத்து என்பதால் அனுமதி கேட்பது முறை. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைவதற்கு மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அதைப் புறப்படுவதற்கு முன்பே, வண்டி எண்ணையும் ஆட்களின் பெயரையும் கொடுத்து வாங்கிக்கொள்ளவேண்டும்.