செம்பைச் சிறைவைத்த படிகம்

முகப்பேரில் எங்கள் வீட்டில் ஒரு செம்புக் குடம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கினால் தகதகவென்று மின்னும். அடுத்த வெள்ளிக்குள் மங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் ஈரம் பட்ட இடத்தில் பச்சை படரும். காற்றும் ஈரமும் செம்பைச் சும்மா விடுவதில்லை. ஆனால் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளாக யாரும் துலக்காமலே மின்னிக்கொண்டிருக்கும் செம்பும் இவ்வுலகில் உண்டு.

அது இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். அங்கே சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது கீவினா தீபகற்பம். அதன் பாறைகளில் கிடைக்கும் கால்சைட் படிகங்கள் சிலவற்றின் உள்ளே செந்நிறச் செம்புத் துணுக்குகள் பதிந்திருக்கின்றன. கால்சைட் வேறொன்றுமில்லை; சுண்ணாம்புக் கல்லிலும் சலவைக் கல்லிலும் உள்ள கால்சியம் கார்பனேட்தான். தூய்மையாகப் படிகமானால் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அது செம்பைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொண்டதால் காற்று உள்ளே புகவில்லை, களிம்பும் ஏறவில்லை.

செம்பு எப்படி அங்கே வந்தது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புழங்கும் செம்புக் கம்பியைப் பாருங்கள். அத்தகைய செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த தாதுவிலிருந்து உருக்கிப் பிரிக்கப்படுவது. நம் நாட்டில் இராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் வெட்டப்படும் தாது இவ்வகையே. கீவினாவிலோ செம்பு தனி உலோகமாகவே பாறையில் கிடைத்தது.

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. குழம்பிலிருந்து வெளியேறிய வாயுக் குமிழிகள் பாறையில் பொந்துகளை விட்டுச் சென்றன. சில கோடி ஆண்டுகள் கழித்து, ஆழத்திலிருந்து மேலேறிய வெந்நீர் பாறைகளிலிருந்த செம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அப்பொந்துகளில் படியவிட்டது. அந்நீரில் கந்தகம் மிகக் குறைவு. ஆகவே செம்பு உலோகமாகவே தங்கியது. அதே பொந்துகளில் கால்சைட்டும் வளர்ந்தது.

நம் தக்காணப் பீடபூமியும் எரிமலைக் குழம்பால் ஆனதே. மகாராட்டிரத்தில் ஜல்காவ், நாசிக் பகுதிகளின் பாறைப் பொந்துகளில் அழகிய கால்சைட் படிகங்கள் கிடைக்கின்றன. ஆனால் கீவினாவின் செம்புச் செல்வம் அங்கே இல்லை.

இனி, படிகத்தின் உள்ளே பார்ப்போம். சில படிகங்களில் செம்புத் துணுக்குகள் ஒரே தளத்தில் வரிசையாக அமைந்திருக்கும். முன்னொரு காலத்தில் அதுவே படிகத்தின் வெளிமுகம். அதன்மீது செம்பு படிந்தது. பிறகு கால்சைட் மீண்டும் வளர்ந்து அதை மூடியது. மரத்தின் வளையங்களைப் போல, எது முந்தியது, எது பிந்தியது என்பதைப் படிகமே சொல்லிவிடுகிறது.

துணுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் உடைக்காமலே அறியலாம். கால்சைட்டின் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் என்பவர் 1669-இல் இதனை விளக்கி எழுதினார். இதுவே இரட்டை ஒளிவிலகல். சாதாரணக் கதிரின் விலகல் எண் 1.658, அசாதாரணக் கதிருக்கோ அது திசையைப் பொறுத்து 1.486 வரை குறையும். படிகம் இயல்பாகப் பிளக்கும் முகத்துக்கு நேர் மேலிருந்து பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள துணுக்கின் இரு பிம்பங்களும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகித் தெரியும். ஆழம் இரு மடங்கானால் விலகலும் இரு மடங்காகும். ஆய்வுக்கூடத்தில் தெளிந்த கால்சைட் துண்டு இருந்தால், தாளில் ஒரு புள்ளி வைத்து அதன்மீது துண்டை வைத்துப் பாருங்கள்.

இத்தகைய படிகங்களில் நம்மிடம் எஞ்சியவை சிலவே. கீவினாவில் 1840-களில் தொடங்கிய சுரங்கத் தொழிலின் நோக்கம் செம்பு ஒன்றுதான். வெட்டிய பாறை பெரிய உலக்கை எந்திரங்களில் பொடியாக்கப்பட்டது. செம்பு பிரிந்தது, மற்றவை மணலாக ஏரிக்கரையில் குவிந்தன. அதில் எத்தனை படிகங்கள் பொடிந்தனவோ! கண்ணில் பட்டதைத் தொழிலாளர்கள் சோற்றுப் பாத்திரத்தில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதால் தப்பியவை பல. கீவினாவின் பெருஞ்சுரங்கங்கள் 1960-களின் இறுதியில் ஓய்ந்தன. அருகிலிருந்த ஒயிட் பைன் சுரங்கமும் 1995-இல் நின்றது. இன்று சேகரிப்போர் பழைய கழிவுப் பாறைக் குவியல்களில்தான் தேடுகிறார்கள்.

தப்பியவற்றுக்கும் ஓர் ஆபத்து உண்டு. செம்பு நன்றாகத் தெரியட்டும் என்று சிலர் படிகத்தை அமிலத்தில் இடுகிறார்கள். கால்சைட் நுரைத்துக் கரைந்துவிடும். செம்பு மட்டும் மிஞ்சும். அதன் அழகு கூடலாம். ஆனால் எது முந்தி, எது பிந்தி என்ற செய்தி கரைசலோடு போய்விடும். மூடியிருந்த செம்பும் காற்றுப்பட்டு மங்கத் தொடங்கும்.

கல் சேகரிக்கும் மாணவர்கள் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். ஒன்று, நில உரிமையாளரின் அனுமதியுடன் எடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே சீட்டில் எழுதி வைப்பது. இடம் தெரியாத கல் முகவரி இல்லாத கடிதம். மற்றொன்று, இன்ன கனிமம் என்று அறியும்முன் எதையும் போட்டுக் கழுவாதிருப்பது. கால்சைட்டானால் மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும். கால்சைட்டின் கடினம் மோ அளவில் 3 மட்டுமே. இரும்பு ஆணிகூட அதைக் கீறிவிடும்.

எங்கள் வீட்டுக் குடத்துக்குப் புளி வேண்டும். படிகத்துக்குள் இருக்கும் செம்புக்கோ அதே புளியின் அமிலம் பகை. குடத்தை மின்ன வைப்பது துலக்குதல். படிகத்துச் செம்பை மின்ன வைப்பது தொடாதிருத்தல்.