மாணாக்கர் பரிமாற்றமும் பகை நீக்கமும்

பிரான்சும் ஜேர்மனியும் 1870 ஆம் ஆண்டு தொடக்கம் 1945 ஆம் ஆண்டு வரையுள்ள 75 ஆண்டுகளுள் மும்முறை பெரும் போர் புரிந்தன. இரு நாட்டுக்கும் இடையே கிடக்கும் அல்சாஸ் என்னும் பகுதி அக்காலத்தில் நான்கு முறை கைமாறியது. அங்கே 1870 இல் பிறந்து நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுப் படலையைத் தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருத்தல் கூடும். இத்தகைய இரு நாட்டார், பாடசாலை மாணாக்கரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பிப் பகையைத் தீர்க்க முனைந்த வரலாற்றையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

1962 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி, பிரெஞ்சு சனாதிபதி டி கோல் ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க் நகரிலே இளைஞர் முன் உரையாற்றினார். முதல் உலகப் போரிலே ஜேர்மானியரிடம் சிறைப்பட்டு, போர் முடியும் வரை அவர் நாட்டிலே அடைபட்டிருந்தவர் அவர். அன்று அவர் பேசியது ஜேர்மன் மொழியில். அதுவும் உரை முழுவதையும் மனனஞ் செய்து பேசினார். மாற்றான் மொழியில் பேசுதல் தம் மதிப்புக்கு இழுக்கென்று அம்முதியவர் கருதினாரல்லர். (நம்முடைய தலைவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.) அடுத்த ஆண்டு சனவரி 22 ஆந் திகதி அவரும் ஜேர்மன் தலைமை அமைச்சர் அடெனோவரும் பாரிசிலுள்ள எலிசே மாளிகையில் உடன்படிக்கை செய்தனர். அதன் பயனாக 1963 யூலை 5 ஆந் திகதி பிரெஞ்சு–ஜேர்மன் இளைஞர் பணியகம் தோன்றியது. இரு அரசுகளும் சமபங்காகப் பணம் வழங்க, இதுகாறும் 90 இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் அதன் வாயிலாக எல்லை கடந்துள்ளனர்.

எண்ணிக்கையினும் முறையே நம் கவனத்துக்குரியது. ஆசிரியர் ஒருவர் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, தேவாலயத்தையும் கோட்டையையும் காட்டித் திரும்ப அழைத்து வருவது சுற்றுலா ஆகும். அதில் ஊரைக் காணலாம். ஊராரைக் காணல் அரிது. பிள்ளைகள் தம்முள்ளே தம் மொழியிற் பேசிக்கொண்டே போய், தம் மொழியிற் பேசிக்கொண்டே மீள்வர். இக்குறையை நீக்கவே தனி மாணாக்கரை நெடுநாள் தங்கவைக்கும் திட்டங்கள் எழுந்தன. 1989 இல் தொடங்கிய பிரிஜித் சோசே திட்டத்தில் மாணவன் ஏறக்குறைய மூன்று மாதம் மற்றை நாட்டிலே தங்குகின்றான். இப்பெயருக்குரிய அம்மையார் பிரெஞ்சு சனாதிபதிகளுக்கு மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். 2000 ஆம் ஆண்டில் வந்த வோல்தேயர் திட்டத்தில் தோழர் இருவர் ஆறு மாதம் ஒருவர் வீட்டிலும், ஆறு மாதம் மற்றவர் வீட்டிலும், ஆக ஓராண்டு ஒன்றாய் வாழ்கின்றனர். வோல்தேயர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தாமும் பிரஷ்ய மன்னன் அவையிற் சில ஆண்டு விருந்தினராய் இருந்தவர். இறுதியில் மன்னனோடு பிணங்கிப் பிரிந்தார் என்பது வேறு கதை.

இத்திட்டங்களின் உயிர்நிலை கைம்மாறு என்பதாம். விருந்து தரும் குடும்பத்துக்கு வாடகையோ உணவுப் பணமோ இல்லை. என் பிள்ளை உன் வீட்டில் உண்பான், உன் பிள்ளை என் வீட்டில் உண்பான், அவ்வளவே. எனவே செல்வன் கொடுப்பவனாகவும் வறியவன் ஏற்பவனாகவும் நிற்கும் தாழ்வு இங்கே நேர்வதில்லை. தன் பிள்ளை அயலார் அடுக்களையில் இருக்க, அயலார் பிள்ளை தன் அடுக்களையில் இருக்கும்போது, எந்தத் தாய்க்கும் வசைமொழி எளிதில் வாயில் வாராது.

பாடசாலையிற் காணும் வேறுபாடுகளோ சுவை மிக்கன. ஜேர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த புள்ளி. 6 மிகத் தாழ்ந்தது. பிரான்சிலோ 20 க்குப் புள்ளி இடுவர்; அங்கே 1 பெற்றவன் வீடு செல்ல அஞ்சுவான். பிரெஞ்சு மாணவன் மாலை வரை வகுப்பில் இருப்பது வழக்கம். ஜேர்மன் மாணவன் நெடுங்காலமாக நண்பகலோடு வீடு திரும்பிப் பழகியவன். இரவில் ஒரு வீட்டிலே சூடான சமையல், மற்றை வீட்டிலே குளிர்ந்த பாணும் பாற்கட்டியும். இவை அற்பம் போலத் தோன்றும். ஆயின், தன் வீட்டு வழக்கமே உலக வழக்கம் அன்று என்று பதினைந்து வயதிலே உணர்பவன், பாடப்புத்தகத்தையும் அக்கண்ணோடே பார்க்கத் தொடங்குவான்.

அவ்வாறே நிகழ்ந்தது. 2003 சனவரியில், உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டிப் பேர்லினிற் கூடிய இரு நாட்டு மாணாக்கர் மன்றம், ஒரே வரலாற்று நூலை இரு நாட்டிலும் கற்பிக்க வேண்டுமெனக் கேட்டது. அரசுகள் இசைந்தன. முதற்றொகுதி 2006 இலும், ஏனையவை 2008 இலும் 2011 இலும் வெளிவந்தன. பொருள் ஒன்றே, மொழி இரண்டு. ஆசிரியர் குழுவிலே போர்களைப் பற்றியே பூசல் எழும் என்று எவரும் எதிர்பார்ப்பர். மாறாக, 1945 இன் பின் அமெரிக்கா வகித்த பங்கை மதிப்பிடுவதில் இருசாராரும் கருத்து மாறுபட்டனர். ஒத்துப்போகாத இடங்களில் இரு நோக்கையும் அருகருகே அச்சிட்டனர். நாம் இந்நூலில் மிக விரும்புவது இதனையே.

குறைகளும் உள. ஜேர்மன் மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடத்திட்டம் உடையன ஆதலின், அந்நூல் எண்ணிய அளவு வகுப்பறைகளிற் பரவவில்லை. ஆங்கிலத்தின் கவர்ச்சியால் ஒருவர் மொழியை ஒருவர் கற்போர் தொகை குறைந்து வருகின்றது. தொழிற்கல்வி பயிலும் பிள்ளைகளையும் வறிய இல்லத்தவரையும் சேர்க்கப் பணியகம் தனி முயற்சி எடுக்க வேண்டியிருக்கின்றது. பயணம் போகும் வழக்கமுடைய குடும்பத்துப் பிள்ளைகளே முன்வருவது இயல்பு.

நம் நாட்டிலே தமிழ் மொழி மூலம் கற்பவனும் சிங்கள மொழி மூலம் கற்பவனும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலே வளர்கின்றனர். வளர்ந்தபின் அலுவலகத்தில் முதன்முறை சந்திப்போரும் உளர். இங்கே கைம்மாறு முறையிற் பிள்ளைகளை அனுப்புவதாயின் சைவ உணவு, பரீட்சை அட்டவணை, பெற்றோர் அச்சம் ஆகிய மூன்றும் முதலில் எழும். இவற்றுள் முதலிரண்டும் ஏற்பாட்டால் தீரும். மூன்றாவதற்கு, போருக்குப் பின் பிரெஞ்சு, ஜேர்மன் ஊரவர் செய்ததையே நாமும் செய்யலாம்: முதலில் ஊரோடு ஊர் உறவு கொண்டாடுதல். மொன்பெலியார் என்னும் பிரெஞ்சு ஊரும் மேற்கூறிய லுட்விக்ஸ்பேர்க்கும் 1950 ஆம் ஆண்டிலேயே, அஃதாவது அரசுகள் கையொப்பமிடுவதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கு முன்னரே, தோழமை பூண்டிருந்தன. 1990 களிற் போரால் நொந்த மேற்குப் பால்கன் நாட்டினரும் 2016 இல் இப்பணியகத்தையே முன்மாதிரியாகக் கொண்டு தமக்கொன்று நிறுவினர். அதன் தலைமையகம் அல்பேனியாவின் திரானா நகரில் இருக்கின்றது.