தேள் கொட்டிய இடமும் நெறி கட்டிய இடமும்

‘தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதாம்’ என்பது, தொடர்பில்லாதவற்றைத் தொடர்புபடுத்துவோரை நகையாடும் பழமொழி. மரங்களுக்குப் பொருந்தாத அச்செய்தி மனித உடலுக்கு நன்கு பொருந்தும். காலில் புண்பட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தலையில் புண்பட்டால் கழுத்தில் நெறி கட்டும். இவ்விரண்டையும் இணைப்பது நிணநீர் வடிகால். தலை, கழுத்துத் தோலில் தோன்றும் புற்றுநோய் எங்கே பரவக்கூடும் என்பதை அறிய, அவ்வடிகாலின் போக்கை அறிதல் வேண்டும்.

வடிகாலின் அருமையை உணர நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘தோ பாயோ’ என்னும் பெயருக்கே பெரிய சதுப்பு என்பது பொருள்: ‘தோ’ ஹொக்கியன் சொல், ‘பாயோ’ மலாய் மொழியின் ‘பாயா’ என்பதன் திரிபு. நீர் வடிய வழியில்லாத நிலம் சதுப்பாகும். வழியுள்ள நிலத்தில் நகர் எழும். நம் திசுக்களின் நிலையும் அதுவே.

இரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து குருதிக்குத் திரும்பாமல் எஞ்சும் நீரை நிணநாளங்கள் சேர்த்துச் செல்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் நீர் இவ்வாறு கழுத்தின் அடியிலுள்ள பெருஞ்சிரைகளில் கலக்கிறது. வழியிலுள்ள நிணநீர்க் கணுக்கள் காவற்சாவடிகள் போன்றவை. கிருமியோ புற்று உயிரணுவோ வந்தால் அங்கே தங்கும், கணு வீங்கும். அவ்வீக்கத்தையே நம் முன்னோர் ‘நெறி’ என்றனர்.

முகத்தின் வடிகால் ஓரளவு ஒழுங்குடையது. நெற்றி, பொட்டு, மேலிமை ஆகியவற்றின் நிணநீர் பெரும்பாலும் காதின் முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் கணுக்களை அடையும். மூக்கு, கன்னம் ஆகியவற்றின் நீர் கீழ்த்தாடைக் கணுக்களுக்குச் செல்லும். கீழுதட்டின் நடுப்பகுதியும் மோவாயும் மோவாயின் கீழுள்ள கணுக்களுக்கும், பின்தலை பிடரிக் கணுக்களுக்கும் நீரை அனுப்பும். ஆகவே, நெற்றியிலிருந்த புற்றுப்புண்ணை நீக்கிப் பல மாதங்கள் கழிந்தபின், காதின் முன்னே கட்டி தோன்றக்கூடும். அதை வேறொரு நோயெனக் கருதி, பழைய தழும்பைச் சொல்லாது விடுதல் ஆபத்தானது.

ஆயினும் இவ்வரைபடம் எல்லாருக்கும் ஒன்றன்று. முகத்தின் நடுக்கோட்டிலுள்ள புண் இருபுறமும் வடியலாம். அருகிலுள்ள கணுவைத் தாண்டித் தொலைவிலுள்ள கணுவையும் அடையலாம். எனவே ஒவ்வொருவர் உடலிலும் நேராகக் காணும் வழி தேவைப்பட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டனும் அவர்தம் குழுவினரும், மெலனோமா என்னும் தோற்புற்றின் அருகே நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் சேரும் கணுவைக் கண்டறியும் முறையை 1992இல் வெளியிட்டனர். பின்னர், 6 மணி நேர அரைவாழ்வுடைய டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளும் இதற்குத் துணையாயிற்று. அம்முதற்கணுவை நாம் ‘காவற்கணு’ எனலாம். அதில் புற்று இல்லையெனில், பெரும்பாலும் ஏனைய கணுக்களை அகற்ற வேண்டியதில்லை.

கணுக்களை அகற்றியபின்னோ கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின்னோ வடிகால் தடைப்பட்டால், முகமும் மோவாயின் கீழ்ப்பகுதியும் வீங்கலாம். படுத்தெழும் காலையில் அவ்வீக்கம் மிகும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் மென்மையாக நீவும்போது முகத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் கழுத்தின் அடிப்பகுதியை நீவி வழி திறந்து, பின்னரே மேலே செல்வர். அடைத்த கால்வாயைக் கீழ்முனையிலிருந்து தூர்வாருவது போன்றதே இது. வீட்டில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பது இதற்கு ஈடாகாது.

நெறிகளுள் பெரும்பாலானவை பல், தொண்டை, தலைப்புண் ஆகியவற்றின் தொற்றால் வருவன, தாமே அடங்குவன. ஆனால், வலியின்றிக் கெட்டியாக இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நிற்கும் நெறியைப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தலையிலும் முகத்திலும் முன்பு நீக்கிய புண் எதுவாயினும் அதையும் கூற வேண்டும். தாத்தா பாட்டியிடம் மாணவர் இதைக் கேட்டறிந்து மருத்துவரிடம் எடுத்துரைத்தால், நெறி கட்டிய இடத்திலிருந்து தேள் கொட்டிய இடத்திற்கு மருத்துவர் விரைந்து செல்ல இயலும்.