குருத்தணுக்களைப் பிடித்துவைக்கும் புரதம்

சொந்தக் குருத்தணு மாற்று சிகிச்சைக்கு ஆயத்தமாகும் மைலோமா, லிம்போமா நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “எலும்புக்குள் இருக்கும் அணுக்களை இரத்தக்குழாய் வழியாக எப்படி எடுக்கிறீர்கள்?” இதற்கான விடை, கீமோகைன் எனப்படும் சிறு புரதங்களில் இருக்கிறது.

கீமோகைன்கள் அணுக்களுக்கு வழிகாட்டுபவை. முள் தைத்துச் சீழ்பிடித்த இடத்தை நோக்கி வெள்ளையணுக்கள் விரைவது, அங்கே சுரக்கும் கீமோகைன்களின் செறிவு மிகும் திசையில் அவை நகர்வதால்தான். சிஎக்ஸ்சிஎல்12 என்னும் கீமோகைனோ, அழைப்பதோடு நில்லாமல் தங்கவும் வைக்கிறது. மஜ்ஜையிலுள்ள துணையணுக்கள் இதனை இடைவிடாது சுரக்கின்றன. குருத்தணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்னும் ஏற்பி இதனுடன் பிணைகிறது. அப்பிணைப்பு உறுதியாக இருக்கும்வரை, மிகச் சில குருத்தணுக்களே இரத்தத்திற்கு வரும்.

சேகரிப்புக்கு முன் நாள்தோறும் போடப்படும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி, மஜ்ஜையில் இப்புரதத்தின் அளவைக் குறைத்துப் பிணைப்பைத் தளர்த்துகிறது. அந்நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி தோன்றுவது இயல்பு. நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம், ஆனால் எங்களிடம் சொல்லுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் குருத்தணுக்கள் தேவை. முன்னரே பல சுற்று கீமோதெரபி பெற்றவர்களுக்கு இந்த ஊசி மட்டும் போதாமல் போகலாம். அவர்களுக்குப் பிளெரிக்ஸாஃபோர் என்னும் மருந்து உதவுகிறது. அது ஏற்பியையே அடைத்துவிடுகிறது. சேகரிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரத்திற்கு முன் அதைச் செலுத்த வேண்டியிருப்பதால், உறங்கும் நேரத்தில் ஊசி போட வருகிறார்களே என்று செவிலியர்மீது வருந்த வேண்டாம். வயிற்றுப்போக்கும் குமட்டலும் சிலருக்கு வரலாம்.

இம்மருந்து முதலில் எச்ஐவிக்காக ஆராயப்பட்டது. அவ்வைரஸின் ஒரு வகை இதே ஏற்பியைப் பயன்படுத்தியே அணுவுக்குள் நுழைகிறது. ஆய்வில் பங்கேற்றோரின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் எதிர்பாராமல் உயர்ந்ததே கவனத்தை இப்பக்கம் திருப்பியது. குருத்தணுச் சேகரிப்புக்கான ஒப்புதல் அமெரிக்காவில் 2008இல் கிடைத்தது.

உயர் அளவு கீமோதெரபிக்குப் பின், உறைய வைத்த குருத்தணுக்களைச் சிரை வழியாகவே திருப்பிச் செலுத்துகிறோம். எலும்பில் துளையிட வேண்டியதில்லை. மஜ்ஜைக்கு அவற்றை வரவழைப்பதில் அதே சிஎக்ஸ்சிஎல்12க்குப் பெரும் பங்கு உண்டு. புதிய வெள்ளையணுக்கள் தலைகாட்டப் பொதுவாக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலும், நள்ளிரவானாலும், உடனே செவிலியரை அழையுங்கள்.