மலிவா கிடைக்குதா இரும்புக் குழாய்? எடை போடுங்க... பில்லைக் கேளுங்க!

பரமத்தி வேலூர்:—

காவிரிக் கரையில் வாழையும் வெற்றிலையும் விளையும் ஊர் இது. ஆற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஏற்றக் குழாய் வேண்டும். கோழிப் பண்ணைக்குக் கொட்டகை போடவும், மொட்டை மாடியில் தகரக் கூரை போடவும் குழாய்தான். புதுசு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது! உடனே பலரும் தேடுவது "சர்ப்ளஸ்" குழாயைத்தான்.

மூன்று ரகம்

பெரிய ஆலையோ பாலமோ கட்டும்போது கூடுதலாக வாங்கி, வேலை முடிந்ததும் மிஞ்சிய புதுக் குழாய்தான் சர்ப்ளஸ். ஒருமுறை உழைத்துக் கழற்றியது செகண்ட்ஸ். உருக்கப் போக வேண்டியது ஸ்கிராப். மூன்றும் ஒரே குவியலில் கிடந்தால் ஏமாறுவது வாங்குகிறவர்தான்.

"ஏனுங்கண்ணா, இது பி கிளாஸ் தானுங்களே?"

"அட, சந்தேகமே வேண்டாமுங்க!"

இந்தப் பதிலை நம்பிப் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்!

கலர் பட்டை சொல்லும்

ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரப்படி குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் லைட், அதாவது ஏ கிளாஸ். நீலம் மீடியம், பி கிளாஸ். சிவப்பு ஹெவி, சி கிளாஸ். ஆனால் பெயிண்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தராசு பொய் சொல்லாது!

2 அங்குலக் கறுப்புக் குழாய், 20 அடி நீளம் என்று வையுங்கள். ஏ கிளாஸ் சுமார் 25 கிலோ நிற்கும். பி கிளாஸ் சுமார் 30½ கிலோ. சி கிளாஸ் சுமார் 37½ கிலோ. பி கிளாஸ் என்று சொல்லி ஏ கிளாஸைத் தள்ளிவிட்டால், 100 குழாயில் அரை டன்னுக்கு மேல் இரும்பு அம்பேல்! காசு போனால்கூடப் பரவாயில்லை. மெல்லிசுக் குழாய் மேல் நிற்கும் கூரை, ஆடிக் காற்றுக்குத் தாங்குமா?

எடைக்கு வாங்கினால் வேறு உஷார். உள்ளே மண்ணும் துருவும் அடைத்திருந்தால் அதற்கும் சேர்த்துக் காசு! ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எண்ணெயோ ஆசிடோ ஓடிய பழைய குழாயைக் குடிநீருக்குப் போடவே கூடாது.

போலீஸ் வாசல்

எல்லாவற்றையும்விட முக்கியம் பில். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை! அபராதமும் உண்டு. பாதி விலைக்கு, ராத்திரி நேரத்தில், பில் இல்லாமல் வரும் லோடு யாருடையது என்று யோசிக்க வேண்டாமா?

நேர் வழியும் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் எம்.எஸ்.டி.சி., அரசுத் துறைகளின் உபரிப் பொருளைக் கம்ப்யூட்டர் வழியே ஏலம் விடுகிறது. இப்படிப்பட்ட ஏலங்களில் "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே" என்பதுதான் வழக்கமான நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. அதனால் சரக்கை நேரில் பார்த்துவிட்டு விலை கேளுங்கள். லாரி வாடகை, ஏற்று கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

கூட்டிப் பார்த்தும் லாபம் நின்றால், தாராளமாக வாங்குங்கள்!